இடது பக்கம் இழுக்கும் ஜீப்

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அவள், முன்சக்கரங்களைத் திருப்புகிற டைராடு கம்பியின் லாக் நட்டை இறுக்கி முடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள். வேலை சுத்தமாக இருந்தது. இனி ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால், வண்டி ஒழுங்காக இடது பக்கம் போய்ச் சாக்கடையில் இறங்கும்.

காலையில்தான் அவள் தம்பி அதைச் சரிசெய்திருந்தான். நேற்றும் சரிசெய்திருந்தான். மத்தியானம் அண்ணனும் தம்பியும் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அவள் அதைக் கெடுத்துவைப்பாள்.

அப்பா காலத்தில் இதே பட்டறையில் ஸ்பேனர் பிடித்து வளர்ந்தவள் அவள். தன் சாமானை யாராவது தொட்டால் கொலை விழும் என்கிற தம்பி, இப்போதெல்லாம் அந்த நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனரை பம்பர் மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போகிறான். அண்ணனோடு போட்ட சண்டை பிள்ளையை எப்படி ஆக்கிவிட்டது என்று அவள் வருத்தப்பட்டுக்கொண்டாள்.

ஜீப் அவள் கணவர் ஆசை ஆசையாய் வாங்கியது. யாரிடமோ காடு மேடெல்லாம் உழைத்து நொந்த பழைய வண்டி. சரிபண்ணி மலையேற்றிக் காட்டுகிறேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார்; ஏற்றாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது, அவள் வீட்டுக்குள் கிடந்தாள்.

அப்போதுதான் அண்ணி வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். புதுப் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று தகராறாம். பட்டறைக்கு நடுவே சுவர் வைக்கப் போகிறார்களாம், கொத்தனாரிடமும் சொல்லியாயிற்றாம்.

அவளுக்கு இருக்கிற உறவே இவர்கள் இரண்டு பேர்தான். இதுவும் இரண்டுபட்டால் அவள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்? மறுநாளே ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள்.

அண்ணனுக்கு சஸ்பென்ஷன் வேலை, தம்பிக்கு ஸ்டீயரிங் வேலை. உடைந்த ஸ்பிரிங் பட்டையையும் ஷாக் அப்சர்பரையும் மாற்றி, தேய்ந்த ரப்பர் புஷ்களைக் கழற்றிப் புதிது போட்டு, அண்ணன் தன் பங்கை முடித்தார். தம்பி டைராடு முனைகளை மாற்றி அலைன்மென்ட் பார்த்தான். வண்டி அம்பு மாதிரி நேராக ஓடியது.

வேலை முடிந்தால் அடுத்து கொத்தனார் வருவார். ஆகவே அவள் நட்டில் கைவைத்தாள்.

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க, ஒருவர் மேலே உட்கார்ந்து அதை ஆட்டவேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு சொல்லவேண்டும். வாயைத் திறக்காமல் செய்யவே முடியாத வேலை. ஆனால் பிடிவாதத்துக்குப் பேர் போன அந்த இருவரும், அவளை நடுவில் நிறுத்தி அதையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்றும் சாப்பிட்டு வந்ததும் அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தம்பி வண்டிக்கு அடியில் புகுந்தான்.

"இடது பக்கம் இழுக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு பாப்பா," என்றார் அண்ணன், அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

"பட்டை சரியா உக்காரலைன்னு அவர்கிட்ட சொல்லுக்கா," என்றது வண்டியின் அடிப்பாகம்.

இன்றைக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டினாள் அவள். வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிட்டு வெளியே நடந்தாள். பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் மறைந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். பேசிக்கொள்வார்களா, ஆளுக்கொரு மண்டையை உடைத்துக்கொள்வார்களா, அவளுக்கே நிச்சயமில்லை.

உள்ளே ஸ்டீயரிங் முனகுவது கேட்டது. அதற்குப் பிறகு தம்பியின் குரல்.

"போதும்ணே, நிறுத்து."

அண்ணே என்றுவிட்டான். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கணவர் போனபிறகு சந்தோஷத்தில் அழுவது இதுதான் முதல்தடவை. அப்படியே நைசாகப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட ஆசையாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தாள்.

"இன்னைக்கு அரைச் சுத்து திருப்பி வெச்சிருக்கா. இறுக்கின இறுக்கப் பாரு, அக்காவுக்குப் பழைய கை வந்துருச்சு," என்று தம்பி சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "இந்தச் சண்டைய இன்னும் எத்தனை நாளைக்குண்ணே ஓட்டறது?"

"அவ பழையபடி நாலு பேரோட சிரிச்சுப் பேசற வரைக்கும்," என்றார் அண்ணன். "இருட்டு ரூமுக்குள்ள முடங்கிக் கெடந்தாளே, மறந்துட்டியா?"

அவள் காலடியில் சரளைக் கல் ஒன்று நறநறத்தது.

"பேசாதடா, அவ வர்றா."