கன்னிச்சாமி

இன்று அவன் மறுத்துப் பேசவில்லை.

குளித்துவிட்டுக் கறுப்பு வேட்டியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துளசி மாலை. கொஞ்ச நேரம் எதையோ கவனமாகக் கேட்டான்.

"சரி," என்றான்.

அறையில் வேறு யாரும் இல்லை. தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

நேற்றுவரை மறுத்துக்கொண்டுதான் இருந்தான். "அவ சோத்துல ஒண்ணுங் கலக்கமாட்டா. அப்படிப்பட்டவ இல்ல."

அடுப்படியில் நின்று அவள் கேட்டிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ தன் புருஷன் தனக்காக வாதாடுகிறான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்காக இப்படிப் பரிந்து பேசியதே இல்லை. முதல் தடவை அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இன்று சிரிப்பு வரவில்லை. வாதாட ஆள் இல்லை என்றால் இனி என்ன நடக்கும்?

மாலை போடவைத்தது அவள்தான்.

பாட்டிலை உடைத்துப் பார்த்திருந்தாள். பேசாமல் இருந்து பார்த்திருந்தாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கும் போய்ப் பார்த்திருந்தாள். மனிதன் அசைந்து கொடுக்கவில்லை. கார்த்திகை பிறந்தால் தெருக் குடிகாரர்களில் பாதிப்பேர் மாலை போட்டுக்கொள்கிறார்கள். முந்தின நாள் சாக்கடையோரம் கிடந்தவனை ஊரே சாமி என்று கூப்பிடுகிறது. கூப்பிடக் கூப்பிட அவனும் ஒழுங்காக நடந்துகொள்கிறான். தன் வீட்டுக்கும் அப்படி ஒரு சாமி வரட்டும் என்று ஆசைப்பட்டாள்.

வந்தது.

முதலில் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. தூக்கம் போனது.

அதற்கப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது.

பஜனையில் கண்ணை மூடிக்கொண்டு அவன் முணுமுணுப்பதைப் பார்த்து மற்ற சாமிகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முதல் வருடக் கன்னிச்சாமிக்கு இவ்வளவு சீக்கிரம் அருள் வந்து பார்த்ததில்லை என்றார் குருசாமி. தறிப்பட்டறை வைத்திருப்பவர். ரொம்ப காலமாகத் தெருவையே மலைக்குக் கூட்டிப்போகிறவர். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாத மனிதர்.

அவளும் நம்பினாள். நம்புவது சுகமாக இருந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் போய், அருள் வந்தவர் வீட்டம்மா ஆகியிருந்தாள். குழாயடியில் அவள் குடத்துக்கு வழிவிட்டார்கள்.

ஆனால் சோற்றில் விஷம் இருக்கிறது என்று எந்தச் சாமி சொல்லும்?

ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டாள். அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரொம்ப நாளாவே பேசறாங்க. குடிச்சா சத்தம் கொறையும். அதுக்குத்தான்."

அதுக்குத்தான்.

அதற்காக அவனை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். துடைப்பத்தால் அடித்துக்கூட இருக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு படுத்துக்கொள்வான். நினைக்க நினைக்க ஆறவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றான். மாலை கழுத்தில் இருக்கிறவரை ஊசி, மாத்திரை கூடாதாம். காதில் பேசுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். குருசாமியிடம் சொல்லிப் பார்த்தாள். அருளை யாராவது ஊசி போட்டு அடக்குவார்களா என்று அவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். மாலையைப் பாதியில் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்.

தீட்டு வந்தால் மட்டும் கழற்றலாம். நெருங்கிய பங்காளி யாராவது செத்தால் கழற்றியே ஆகவேண்டும். அதில் சாமிகுத்தம் இல்லை.

அவனுக்கு ஒரே ஒரு அண்ணன், திருப்பூரில்.

இன்று அவன் தொடாத இட்லித் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அவருக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். செய்யப்போவதையும் சொன்னாள்.

"சொல்லிக்கம்மா. உசுரோட இருக்கறவனச் செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்பாங்க. அவனை முதல்ல டாக்டர்கிட்டக் கொண்டுபோ."

அவனைப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். கோயில்வரைக்கும் வாங்க என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். குருசாமி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவன் முன்னால்தான் சொல்லியாக வேண்டும். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். கேட்டதும் என்ன ஆவானோ என்று அவளுக்கு உதறல்.

"சாமி, இவங்கண்ணன் தவறிட்டாருங்க. காத்தால போன் வந்துச்சு."

குருசாமி பதறிப்போய் அவனைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அவன் பதறவில்லை. தலையை ஆட்டினான்.

"தெரியும். நேத்தே சொல்லிட்டாங்க."

குருசாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையெடுத்து அவனைக் கும்பிட்டார். பிறகு சரணம் சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாலையைக் கழற்றினார்.

அவள் அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுவாத கண்ணு," என்றார் குருசாமி. "அண்ணன் போயிட்டாலும் சாமி கூட இருக்குது பாரு."