கரவுக்கு ஒரு வாக்கியம்

“‘கரவு’ன்னு ஒரு சொல். இதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லேன், பார்ப்போம்.”

அகராதிக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சீட்டும் பேனாவுமாக மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். அரிய சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவர். மற்ற புருஷன்மார்கள் பெண்டாட்டியிடம் சாப்பாடு கேட்பார்கள். இவர் வாக்கியம் கேட்பார்.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படி? மனசுல ஒண்ணை ஒளிச்சு வெச்சுக்கிட்டு வெளியில வேற மாதிரி நடந்துக்கிறதுதான் கரவு. எங்கே, சொல்லு. அச்சகத்துக்காரன் உயிரை வாங்குறான்மா.”

“கரவு... கெட்டது.”

“ரெண்டு சொல்லை ஒட்ட வெச்சா ஆச்சா? இதைப் போட்டா அகராதியைத் தூக்கி என் தலையிலேயே போடுவாங்க. இன்னும் கொஞ்சம் நீளமா, உன் பாணியில நறுக்குன்னு ஒண்ணு சொல்லு.”

“போங்க.”

அவள் அடுத்த சட்டையை இழுத்துக்கொண்டாள். நேற்று ‘ஞெகிழி’, முந்தாநாள் ‘உவளகம்’. அவற்றுக்கும் இதே ‘போங்க’தான். மேஜை மேல் சீட்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

“சொல்லுங்க மேடம்.”

“ஏதாவது வந்துச்சா சார்?”

“இன்னும் இல்லை மேடம். ஒண்ணு ரெண்டு சொல்லோட நின்னுடுது.”

“சுலபமான சொல்லா எடுத்துக்கங்கன்னு சொன்னேனே?”

“சுலபமான சொல்லுக்கு எந்த அகராதிக்காரன் மேடம் வீட்டுல உட்கார்ந்து வாக்கியம் கேட்பான்?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “வீட்டிலேயே பார்த்துக்கறேன்னு நீங்க கெஞ்சினதாலதான் ஒத்துக்கிட்டேன். இன்னிக்குள்ள ஒரு முழு வாக்கியமாவது வரலைன்னா, திங்கட்கிழமையிலேருந்து இங்கேயே வந்துட வேண்டியதுதான். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க.”

ஒரு தடவை அங்கே போனால் மாதக்கணக்கில் இழுத்துவிடும். அதுவரை இந்த வீடு வீடாகவே இருக்காது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, புதுச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

“கடைசியா ஒரே ஒரு தடவை. எனக்காக. தப்பா இருந்தாலும் பரவாயில்லை.”

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள். அவரும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார்.

“என் வீட்டுக்காரருக்கு... கரவு... சுட்டுப் போட்டாலும்... வராது.”

“அடி சக்கை! ம், மேலே, மேலே!”

“போன வருஷமே... அச்சாகி வந்துட்ட... அகராதிக்கு... இன்னும்... வாக்கியம் கேட்டுக்கிட்டிருக்கார்.”

பேனா நின்றது. அவர் திருதிருவென்று விழித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தார்.

“டாக்டர் மேடம், இனிமே இவளை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டாம்தானே? பக்கவாதத்துல பேச்சு போன ஏழு மாசத்துக்கு அப்புறம், என் பெண்டாட்டி முழுசா ஒரு வாக்கியம் பேசிட்டா... அதுவும் என்னைக் கிண்டல் பண்ணி!”