அந்த ஒரு டம்ளர்

“அந்த ஒரு டம்ளர் தண்ணிதான் இன்னிக்கி என்னை இங்க நிக்க வச்சிருக்கு” என்றேன்.

எதிரே ஒரு வகுப்பு. வளர்ச்சியியல் படிக்கும் இருபத்தாறு பேர். நாளை கள ஆய்வுக்கு வெளிநாடு கிளம்புகிறார்கள்.

அவர்கள் வயதில் நானும் அப்படி ஒரு வறண்ட நாட்டுக்குப் போனேன். கேள்வித்தாளோடு வாசலில் நின்ற எனக்கு, இரண்டு மணி நேரம் நடந்து சுமந்து வந்த குடத்திலிருந்து ஒருத்தி மொண்டு கொடுத்தாள். கலங்கல் தண்ணீர். குடித்தேன் என்று சொல்லி நிறுத்துவேன்.

இந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தட்டுச் சத்தம் கேட்ட நாய் மாதிரி அதுவாகவே ஓடி வந்துவிடும். இன்றும் வந்தது.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அந்த டம்ளர். முதல் வேலைக்கான நேர்காணலில் அந்த டம்ளர். இப்போது என் தொண்டு நிறுவனத்தின் சின்னமே அதுதான். வரைந்தவர் கெட்டிக்காரர், தண்ணீரைத் தெளிய வைத்துவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், எனக்கு லேசுல வயிறு கெட்டுப்போயிடும். எங்கம்மா ஒரு பை நிறைய மாத்திரை கட்டிக் குடுத்திருக்காங்க. அங்க யாராவது தண்ணி குடுத்தா... குடிச்சே ஆகணுமா?”

சிரித்தார்கள். பத்தொன்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வயிறு பிழைக்கும். ஆனால் அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

“குடிச்சிடும்மா. வேணாம்னா அவங்க மனசு நொந்துபோயிடும். எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மேசையில் எனக்கென்று வைத்திருந்த பாட்டிலை எடுத்தேன். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத் திறந்தேன். அந்த நாட்டில் பழகியது.

எனக்கு எப்படி ஏதாவது ஆகும்? அன்று குடத்துக்காரி வீட்டுக்குள் திரும்பியதும் அந்தத் தண்ணீரைச் சுவரோரம் கொட்டிவிட்டேன்.

வெளியே வந்து காலி டம்ளரைப் பார்த்தவள், எனக்குத் தாகம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சிரித்தபடியே குடத்தைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக் கொடுத்தாள்.

முதல் ஈரம் காய்வதற்குள் அதையும் அங்கேயே கொட்டினேன்.