தோளில் ஒரு தட்டு

பேருந்து ஓட்டுநர் இளம்பரிதிக்கு நூற்றுப் பத்து கிலோ எடை. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுவிடும். மணிக்கட்டுப் பட்டை அதை எண்ணும். அளவு மீறினால் மறுநாள் வண்டி எடுக்க முடியாது.

"பட்டையில இன்னைக்கும் பச்சை! நாலு மாசமா ஒருநாள்கூடத் தப்பல. எடையக் குறைன்னு மிரட்டின டாக்டருக்குக் காட்டணும்!"

மனைவி நிறைமதியின் தூக்க நேரத்தை எண்ணும் பட்டையில் சிவப்பு. தூக்கம் போதவில்லையென்று, ஆய்வுக்கூட வேலையிலிருந்து நேற்று அவளை நீக்கிவிட்டார்கள்.

"ராத்திரி பூரா செல்போன நோண்டினா வேற என்ன நடக்கும்?" என்றார் அவர்.

அவர் மூச்சு நின்றபோதெல்லாம், பட்டை எண்ணும் முன்பே தோளைத் தட்டி எழுப்பிய கை அவளுக்கு வலித்தது. சொன்னால் வண்டியைத் தொடமாட்டார்.

அவர் திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். "என் மூச்சக் காப்பாத்துறது முருகன்தான்டி."

"ஆமாங்க" என்று அவர் தட்டில் இன்னோர் இட்லி வைக்கப் போனவள், வைக்காமல் இட்லிப் பாத்திரத்தை மூடினாள்.