விட்டுப்போன கரை

தேவிப்ரியாவின் யோசனையை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"ஆறு வரியில் அவரவரே எழுதிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் தனியாக ஒரு மெத்தட் எதற்கு?" என்று பதில் போட்டிருந்தார் ரஞ்சித்குமார். தேவிப்ரியா பயன்படுத்தும் புரோகிராமிங் மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் குழுவில் அவரும் ஒருவர். பெங்களூர்க்காரர், கறார் பேர்வழி.

"ஆறு வரிக்காகவா எட்டு மாசமா மல்லுக்கட்டிகினு இருக்க?" என்றான் அவள் கணவன் தீனா.

"ஆமா," என்றாள். விடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு பட்டியலில் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியானவற்றை மட்டும் கொத்தாக்கித் தர ஒரு மெத்தட், அதாவது ரெடிமேடாக ஒரு கட்டளை. ஏற்கெனவே இருப்பது, எங்கே கிடந்தாலும் ஒரே நிறத்தையெல்லாம் ஒன்றாக அள்ளிப் போட்டுவிடும். அவள் புரோகிராம் எழுதும் ஆரணிப் பட்டுப் புடவைக்கு அது ஆகாது. அரக்குக் கரை, நடுவில் பச்சை உடல், மறுபடி அரக்குக் கரை என்றால் இரண்டு கரையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

புடவையின் நீள இழைகளை வரிசையாகச் சேர்ப்பதற்குப் பாவு ஓட்டுவது என்று பெயர். எந்த நிறம் எத்தனை இழை என்று தேவிப்ரியாவின் புரோகிராம் ஒரு சீட்டு எடுத்துத் தரும். அதைப் பார்த்துத்தான் இப்போது பாவு ஓட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை வாதாடவில்லை. குழுவின் பொதுத் தளத்தில் நடந்ததை எழுதினாள்.

'அந்த ஆறு வரியை நானும் எழுதினேன். கடைசிக் கொத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். சீட்டில் வலப்பக்கக் கரை விழவே இல்லை. ஒரு பக்கக் கரையோடும் புடவை நெய்வது உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று முகூர்த்தப் புடவைக்கான பாவு வீணாகிப் போனது. பிறகுதான் திருத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது. பத்து வருடமாக புரோகிராம் எழுதுகிற எனக்கே தவறுகிற ஆறு வரியை, ஆளாளுக்கு எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.'

'தப்பு முழுக்க என்னுடையது' என்ற இடத்தில் கை நின்றது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் படிப்பார்கள். நாளைக்கு அவளை வேலைக்கு எடுக்க நினைப்பவர்களும் படிப்பார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள்.

நான்காம் நாள் முடிவு வந்தது. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ரஞ்சித்குமாரே எழுதியிருந்தார். "தன் தப்பை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட ஒருவரை இந்தத் தளத்தில் நான் பார்த்ததில்லை."

கொரியாவிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் பாராட்டு குவிந்தது. தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தீனா ஸ்வீட் வாங்கிவரக் கிளம்பினான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் கமலக்கண்ணன் வந்தார். பட்டு வியாபாரி. அவளுடைய சீட்டை வைத்துத்தான் அவர் பாவு ஓட்டக் கொடுக்கிறார். மெத்தட்டைச் சேர்த்துக்கொண்டதை மட்டும் அவள் சொன்னாள். கேட்டதும் ரொம்ப சந்தோஷப்பட்டார். நம்ம ஊர்ப் பெண்ணை உலகமே பேசுகிறதே என்றார். பிறகு, வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மூணு பொடவைப் பாவு வீணாப்போச்சுன்னு பாவு ஓட்டுற அருணகிரியை வேலையை விட்டு நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுதும்மா. தெனம் கடைக்கு வந்து நின்னுகினு இருக்கார். சீட்டுல ஒரு கரைதான் இருந்துச்சு, அதும்படிதான் ஓட்டுனேன்னு சத்தியம் பண்றார். அந்தச் சீட்டு இப்ப இல்ல, நீ மறுபடி எடுத்துக் காட்டுன சீட்டுல ரெண்டு கரையும் இருந்துச்சு. ஆனா பாக்கவே பாவமா இருக்குது. திரும்ப வேலை குடுக்கலாமா? நீ சொன்னா சரி."

தேவிப்ரியா லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"கொஞ்ச நாள் போவட்டும்ணா. அவருக்கும் வயசாயிடுச்சு இல்ல, கண்ணு சரியாத் தெரியல போல."