பழைய ஃபேன்

நாலு நிமிடம் பதினோரு நொடியில் லேப்டாப் அணைந்தது.

தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதையும் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக இரண்டு கைகளையும் தூக்கி வைத்திருந்தேன். அவர்தான் அப்படி வைக்கச் சொன்னார்.

தனபால் லாரிக்காரர். லாரிக்காரர்களை எனக்குத் தெரியும். சேலத்தில் பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். மற்றவர்கள் எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். லாரிக்காரர்கள் எதனால் போச்சு என்று கேட்பார்கள். காரணம் தெரியாமல் நகர மாட்டார்கள்.

இவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இது தானாக அணைகிறதா, யாராவது அணைத்தால்தான் அணையுமா?

மூன்று வருடத்துக்கு முன்னால் இவர் மகள் தனப்பிரியாவுக்கு இந்த லேப்டாப்பில்தான் இன்டர்வியூ. பெங்களூர் கம்பெனி, கடைசிச் சுற்று. நாலு நிமிடத்தில் திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி போனது. அதற்குள் கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தானாக அணைந்தது என்று அழுதிருக்கிறாள். இவர் நம்பவில்லை. பதில் தெரியாமல் நீயே அணைத்துவிட்டுப் பொய் சொல்கிறாய் என்று நாலு சொந்தக்காரர்களுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தத் தையிலேயே சேந்தமங்கலத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தும்விட்டார்.

அவள் சண்டை போடவில்லை. இவர் போன் செய்தால், நல்லா இருக்கீங்களா என்று கேட்பாள். அடுத்த பேச்சே அம்மாவிடம் கொடுங்கள் என்பதுதான். மூன்று வருடமாக அவ்வளவுதான்.

போன வாரம் பீரோவை ஒழிக்கும்போது லேப்டாப் கிடைத்ததாம். சும்மா போட்டுப் பார்த்திருக்கிறார். 'ஃபேன் எரர்' என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. யாரும் தொடவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

லேப்டாப் பையில் என் கடை அட்டை கிடக்கவே, புதுச்சத்திரத்தில் பஸ் ஏறிவிட்டார். என் அட்டை யார் பையில்தான் கிடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தானாகத்தான் அணைகிறது ஐயா, ஃபேன் சுற்றாவிட்டால் சூடேறும், சூடேறினால் அதுவே அணைந்துகொள்ளும், உங்கள் மகள் பொய் சொல்லவில்லை என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அறுபது வயது மனிதர் கடைக்குள் நின்று அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. குனிந்து லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன்.

உள்ளே, ஃபேனில் மூன்று இறக்கைகள் முறிந்து கிடந்தன. ஒரு துண்டு அச்சில் சிக்கியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது லாரி டயருக்கு அடிக்கிற காற்றின் வேலை. அந்தக் காற்றில் இந்தச் சின்ன ஃபேன் பேய் பிடித்தது மாதிரி சுழன்று இறக்கை முறிந்துபோகும். எதற்கும் காற்று அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜில்லா இது. எந்த முட்டாள் செய்தது என்று நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு, இதை யாராவது சுத்தம் செய்தார்களா என்று மட்டும் கேட்டேன்.

துண்டை எடுத்தார். கண்ணீரோடேயே முகம் மலர்ந்தது.

"நாந்தான் அம்மிணி. இன்டர்வியூக்கு மொத நாள் சாயங்காலம், அவளுக்குத் தெரியாம பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போயி, லாரி ஃபில்டருக்கு அடிக்கற மாதிரி நல்லாக் காத்து அடிச்சுக் கொண்டாந்து வெச்சேன். புள்ளைக்குத் தடங்கலில்லாம ஓடோணுமில்ல."

சும்மா இருக்க முடியாமல் கையிலிருந்த மூடியைத் திருப்பினேன். உட்பக்கம் மார்க்கரில் எழுதியிருந்தது. தனப்பிரியா. கீழே ஒரு தேதி.

கழற்றுகிற ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிவைப்பது என் வழக்கம். எழுத்து என்னுடையதுதான். இன்டர்வியூ என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். மூடியில் இருந்தது அதற்கு மறுநாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே ஸ்டூலில் கண் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண். அன்றைக்கு நான் நாக்கை அடக்கவில்லை. எந்த முட்டாள் இதில் லாரிக் காற்றை அடித்தது என்று கேட்டேன்.

அவள் வெகுநேரம் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்ற வேண்டாம், அப்படியே மூடிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். படி இறங்கப் போனவள் திரும்பி வந்தாள்.

"எங்கப்பா எப்பவாச்சும் கொண்டாந்தா சொல்லிப்போடாதீங்கக்கா. அவரு தாங்கமாட்டாருங்க."

உங்கப்பா யாரென்று எனக்கெப்படித் தெரியும் என்று சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

முறிந்ததை அவர் கண்ணில் படாமல் கழற்றிவிட்டுப் புது ஃபேன் மாட்டினேன். கம்பெனிக்காரன் போட்ட ஃபேனே சொத்தை ஐயா, நீங்கள் காற்று அடித்ததால்தான் அதுவரைக்குமாவது ஓடியது என்றேன். தலையாட்டினார். பிறகு கையை நீட்டினார்.

பழைய சாமானைக் கேட்டார். மாற்றிய சாமானைக் கையில் வாங்காமல் எந்த லாரிக்காரரும் பட்டறையை விட்டுப் போக மாட்டார். இவர் இங்கிருந்து நேரே சேந்தமங்கலம் போகிறாராம். மகளிடம் காட்டி, நீ சொன்னது நிஜம்தான் என்று சொல்ல வேண்டுமாம்.

முறிந்த ஃபேன் என் உள்ளங்கையில் இருந்தது. மேசைக்கடியில் குனிந்து பழைய சாமான் டப்பாவில் அதைப் போட்டேன். அதிலிருந்தே வேறொரு ஃபேனை எடுத்தேன், இறக்கை ஒன்றுகூட முறியாததாகப் பார்த்து. அதை அவர் கையில் வைத்தேன்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உள்ளே போயிருக்கும் என்றேன். துண்டின் முனையில் பத்திரமாக முடிந்துகொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு முறிந்த ஃபேனை அவ்வளவு நேரம் பார்த்தவள், இது அந்த ஃபேன் இல்லை என்று கண்டவுடனே தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டு, ஆமாங்கப்பா, சொத்தை ஃபேன்தான் என்று சொல்வாள்.