கதாநாயகனின் அம்மா

லாகூர் ஸ்டுடியோவில் நடிகை மைமூனாவின் தலைக்கு நரை பூசிக்கொண்டிருந்தாள் மேக்கப்காரி நஜ்மா.

"எத்தனை உருதுப் படம், பஞ்சாபிப் படத்துல இந்தப் பட ஹீரோவுக்கு ஜோடியா நடிச்சீங்க, அக்கா! இப்ப அவருக்கே அம்மாவா? உங்களைவிட மூத்தவராச்சே!"

"ஆம்பளைக்கு வயசு ஏறாதாம்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவரே வந்து கெஞ்சினாரு. இந்தப் படமும் ஓடலேன்னா அவருக்கு அடுத்த படமே கிடையாது."

ஷாட் தொடங்கியது. கதாநாயகன் பஷாரத், "அம்மா!" என்று கதறியபடி அவள் காலில் விழுந்தார். டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் எழவில்லை.

"என்னை மன்னிச்சிடு, மைமூனா" என்றார் மெதுவாக.

மைமூனா சிரித்துவிட்டாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போய் நம்ம பேரப்பிள்ளைங்க முன்னாடியும் இதே மாதிரி விழுந்தாத்தான் மன்னிப்பு!"